இடதுபக்கக் கண்ணாடி

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் உட்துறைமுக வீதியில் மூன்று மான்கள் படுத்திருந்தன. நடு வீதியில். ஒரு தனியார் பஸ், இரண்டு ஓட்டோ, ஒரு மணல் லொறி எல்லாம் ஹோன்கூட அடிக்காமல் அவை எழும்பும்வரை காத்து நின்றன. பஸ் ஓட்டுநர் சிரித்துக்கொண்டு போனில் படம் எடுத்தான். மான்கள் போனதும் அதே பஸ் எனக்குப் பின்னால் வந்து, காது செவிடுபட ஹோன் அடித்து, என்னை வடிகான் விளிம்புவரை தள்ளிவிட்டுப் போனது.

இந்த ஊர் வீதியில் மதிப்பு வேண்டுமென்றால் நாலு காலும் உடம்பெல்லாம் புள்ளியும் வேண்டும்.

கந்தோரில் இன்றைக்கு அதே வீதியின் வரைபடம். நில அளவைக் கந்தோரில் பத்து வருடமாகக் கீறிக்கொண்டிருக்கிறேன். படத்தில் இருபக்கமும் நடைபாதை இருக்கிறது. தரையில் அந்த இடத்தில் இரும்புக் கடைக்காரரின் குழாய்கள், மோட்டர் சைக்கிள்கள், லொத்தர் சீட்டு விற்கிற மேசை. நடக்கிற சனம் கீழே இறங்கி வீதியில் நடக்கிறது. அதனால் சைக்கிள்காரர் நடுவுக்கு வருகிறோம். நடுவுக்கு வந்தால் வாகனக்காரர் ஏசுகிறார்கள். நாங்கள் அந்தக் கோபத்தை நடக்கிறவர்கள் மேல் மணியடித்துத் தீர்க்கிறோம். நானும்தான். இன்று ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து, “றோட்டை வாங்கிப்போட்டியோ பிள்ளை?” என்றார்.

இந்தச் சைக்கிள் நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன அந்த 2022இல் வாங்கியது. அப்போது ஊர் முழுக்கச் சைக்கிள். டொக்டர்மாரும் பாங்க் மனேஜர்மாரும் எனக்குப் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க மிதித்தார்கள், வழியில் கண்டால் சிரித்தார்கள். பெட்ரோல் வந்தது. எல்லாரும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

தங்கச்சி லோஜினியின் கல்யாணத்துக்கு மே 30 நாள் வைத்தாயிற்று. மூன்று வருடமாக இழுத்தடித்துவிட்டு, இப்போதுதான் மாப்பிள்ளை சுகிர்தனின் தகப்பன் இறங்கி வந்திருக்கிறார். அம்மா சமைக்கும்போது பாடுகிறா. தங்கச்சி அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னாலேயே குடியிருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். முப்பத்தெட்டு வயது அக்காவிடம் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியை இனி மண்டபத்தில் வைத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

பெப்ரவரி 13

பிரேக் கட்டை இரண்டும் புதிதாகப் போட்டேன். இனி இறுக்கிப் பிடித்தால் நிற்கிறது.

பெப்ரவரி 19, புதன்

இடது கையில் பிளாஸ்டர். வலது கை தப்பியதால் எழுதுகிறேன்.

கந்தோர் விட்டு வரும்போது தூறல். மழைக்கோட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரமாகத்தான் வந்தேன். இரும்புக் கடைக்கு முன்னால் நடைபாதையில் குழாய் அடுக்கியிருந்ததால் வயதான ஒரு அம்மா வீதியில் இறங்கி நடந்துகொண்டிருந்தா. கறுப்பு அபாயா, கையில் மருந்துப் பை. அவவைச் சுற்றிப் போக நான் கொஞ்சம் வெளியே எடுத்தேன். பின்னால் ஹோன். ஒன்று, இரண்டு. எங்கே போவது? அந்த அம்மாவைக் கடந்துதானே ஓரத்துக்கு வர முடியும்? மூன்றாவது ஹோனோடு ஒரு சாம்பல் நிறக் கார் உரசிக்கொண்டு முன்னேறியது. அதன் இடதுபக்கக் கண்ணாடி என் ஹான்டிலில் அடித்தது. சைக்கிள் என் கையில் இல்லை. நேரே போய் அந்த அம்மாவின் முதுகில்...

அவ விழுந்த சத்தம். நான் விழுந்தது எனக்குக் கேட்கவில்லை, அவ விழுந்தது கேட்டது.

கார் கொஞ்சம் தள்ளிப் போய் மெதுவானது. பிரேக் லைட் எரிந்தது. நிற்கப் போகிறது என்று நினைத்தேன். பிறகு லைட் அணைந்தது, போய்விட்டது.

சனம் கூடியது. சைக்கிள் அவவின் மேல் கிடந்தது. நான் சைக்கிளின் மேல். வந்தவர்கள் கண்டது அதைத்தான். ஒருவர், “கண் தெரியாதோ உனக்கு? வயசு போன மனிசியை இடிச்சுப்போட்டு!” என்றார். “கார்... கார் தட்டினது” என்றேன். “எங்க கார்?” என்று எல்லாரும் வெறும் வீதியைப் பார்த்தார்கள்.

என் முன்கூடைக்குள் கண்ணாடியின் உறை உடைந்து ஒரு துண்டு கிடந்தது. சாம்பல் நிறம். எடுத்து வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 20

அவவின் பெயர் மைமூனா. வீடு ஜமாலியாவில். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம். வார்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் ஷிஃபானா, என் வயதுதான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழும்பி நின்றா.

“என்னத்துக்கு வந்தீங்க? உம்மா செத்தாவா இரிக்காவா என்டு பாக்கவா?”

கார் தட்டியதைச் சொன்னேன். அவ நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மைமூனாம்மா கண்ணைத் திறந்து, “பின்னால மணிச் சத்தம் கேட்ட. பிறகு சைக்கிள்தான் மேல வந்த. கார் நான் காணல்ல, புள்ள” என்றா. பொய் சொல்லவில்லை. முதுகில் கண் இல்லையே. ஆனால் அவ கேட்ட மணி? நான்தான் அடித்தேனா? அடித்திருப்பேன்.

பெப்ரவரி 24

பொலிஸ் நிலையம். சார்ஜன்ட் நல்ல தமிழ் பேசினார், நல்ல கதை மட்டும் பேசவில்லை.

“நம்பர்?”

“பாக்கேல்லை.”

“நிறம்?”

“சாம்பல்.”

“ஊரில பாதிக் கார் சாம்பல். மிஸ், சைக்கிள்ல வாற எல்லாரும் கார் எண்டுதான் சொல்லுறது.”

கண்ணாடி உறைத் துண்டைக் காட்டினேன். வீதியில் இப்படி ஆயிரம் கிடக்கும், கவனமாக வைத்திருங்கள் என்று திருப்பித் தந்தார். வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள்.

இரும்புக் கடைக்காரரிடமும் கேட்டிருக்கிறார்கள். உள்ளே நின்றாராம், ஒன்றும் காணவில்லையாம். கார் வந்ததைச் சொன்னால், அந்த அம்மா ஏன் நடைபாதையில் நடக்கவில்லை என்ற கேள்வியும் வரும். அவரின் கமரா கல்லாப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

மார்ச் 2, ஞாயிறு

லிங்கநகருக்குப் போனோம், மாப்பிள்ளை வீட்டுக்கு, மண்டபம் பற்றிக் கதைக்க. அம்மா, நான், லோஜினி, மாமா ஒருவர்.

வாசலில் கார் நின்றது. சாம்பல் நிறம்.

ஊரில் பாதிக் கார் சாம்பல்தான். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் கண் திரும்பித் திரும்பிப் போனது. வலதுபக்கக் கண்ணாடியின் உறை சாம்பல். இடதுபக்கத்தது பெயின்ட் அடிக்காத கறுப்பு, புதிது. முன்கதவில் நீளமாக ஒரு சிவப்புக் கீறல். என் ஹான்டில் பிடியின் ரப்பர் சிவப்பு.

சிவகுருநாதன் ஐயா, சுகிர்தனின் தகப்பன், நான் பார்ப்பதைக் கண்டு, “கேற் தூணில உரசிப்போட்டான். எனக்குக் கண் சரியில்லை, இப்ப மகன்தான் ஓடுறது” என்றார். பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, “சைக்கிள்காரருக்கெல்லாம் ஒரு லைசன்ஸ் வைக்கவேணும். எங்கால வருகினம், எங்கால திரும்புகினம் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்று சிரித்தார். என் அம்மாவும் சிரித்தா. மாமாவும் சிரித்தார்.

சுகிர்தன் சிரிக்கவில்லை. தேத்தண்ணித் தட்டை என் முன்னால் நீட்டி, “கை எப்பிடி அக்கா?” என்றான். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

வலது கையால் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 3

அம்மாவிடம் சொன்னேன். குசினியில் வைத்து, லோஜினி படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போன பிறகு. துண்டையும் காட்டினேன்.

அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினா. நம்பிய பிறகுதான் பயமாக இருந்தது, ஏனென்றால் அவவின் முகம் உடனே கணக்குப் போடத் தொடங்கியது.

“உனக்குக் கை சுகமாயிடும்.”

“அந்த மனிசிக்கு இடுப்பு அம்மா.”

“வேணுமெண்டு செய்தவனே? தெரியாமல் தட்டுப்பட்டிருக்கு.”

“நிண்டு பாத்துப்போட்டுப் போனவன். பிரேக் லைட்டை நான் கண்டனான்.”

அம்மா அடுப்பை அணைத்தா. “இப்ப நீ பொலிசிலை போய்ச் சொன்னா அவர் கல்யாணத்தை நிப்பாட்டுவார். ஏற்கனவே விருப்பமில்லாமல்தான் ஓம் எண்டவர். உனக்குத்தான் ஒண்டும் நடக்கேல்லை. அவளுக்காவது நடக்கட்டுமே பிள்ளை.”

உனக்குத்தான் ஒண்டும் நடக்கேல்லை. சொல்லிவிட்டு எனக்கு முட்டைக்கோப்பி அடித்துத் தந்தா.

மார்ச் 7

போய் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். கார் என்று சொன்னது பதற்றத்தில், சரியாக நினைவில்லை என்றேன். “அப்ப எப்பிடி விழுந்தனீங்கள்?” என்று சார்ஜன்ட் கேட்டார். நான் விழிக்க, மாமா குறுக்கே விழுந்து, “மான் ஒண்டு பாய்ஞ்சிருக்கு, சேர்” என்றார்.

“மானா?” என்று என்னைக் கேட்டார்.

“ஓம். மான்.”

எழுதிக்கொண்டார். மானைக் கூப்பிட்டு விசாரிக்க ஏலாதுதானே. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள். புதுக் கட்டைகள்.

கையெழுத்துப் போடும்போது சார்ஜன்ட் தலையை நிமிர்த்தாமல், “முதல்லையே இதைச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

மார்ச் 20

நீதிமன்றம். கவனமில்லாமல் சைக்கிள் ஓட்டி ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினேன் என்று வாசித்தார்கள். குற்றவாளி என்று ஒப்புக்கொண்டேன். தண்டம் கட்டினேன். ஐந்து நிமிடம்கூட இல்லை.

ஷிஃபானா பின்வரிசை வாங்கில் இருந்தா. வெளியே வரும்போது, “அண்டைக்கு வார்ட்டுல வந்து கார் என்டு சொன்னீங்களே. இப்ப மான். நாளைக்கு என்ன சொல்லுவீங்க, குரங்கா?” என்றா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

வீட்டில் அம்மா பால்சோறு காய்ச்சியிருந்தா. லோஜினி என்னைக் கட்டிப்பிடித்தாள். ஏன் கட்டிப்பிடித்தாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஏப்ரல் 2

பிளாஸ்டர் கழற்றியாயிற்று. சைக்கிளைத் தொட மனமில்லை. நடந்து போகிறேன். எல்லாச் சைக்கிள் மணியும் எனக்குத்தான் அடிக்கிறது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. சுகிர்தன் காரில் வந்து கைவிசேஷக் காசு தந்தான். வாங்கினேன். அவன் போனதும் கையைக் கழுவினேன். எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஏப்ரல் 26, சனி

நெஸ்டமோல்ட் சத்துமாவும் பழமும் வாங்கிக்கொண்டு ஜமாலியாவுக்குப் போனேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மைமூனாம்மா உள்ளேயிருந்து, “ஆரது? வரச் சொல்லு” என்றா.

வோக்கரைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பிக் காட்டினா, நான் ஏதோ டொக்டர் மாதிரி. இரண்டு அடி வைத்ததும் உதடு வெளுத்துவிட்டது. ஒப்பரேஷன் சரியாகப் பொருந்தவில்லையாம், இன்னொன்று செய்ய வேண்டுமாம், கொழும்பில். ஷிஃபானா பாலர் பாடசாலையில் படிப்பித்தவ. உம்மாவைப் பார்க்க ஆளில்லாமல் நின்றுவிட்டா.

ஷிஃபானா எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தா. அதை வைத்துவிட்டு, ஏசுகிற குரலில் இல்லாமல், களைத்த குரலில் சொன்னா:

“ஒரு லோயர்ட்டப் போன நாங்க. மோட்டர் வாகனம் ஏதாச்சும் சம்பந்தப்பட்டிரிக்கா என்டு கேட்டார். இரிந்தா அந்த வாகனத்துட இன்ஷூரன்சுல உம்மாட செலவெல்லாம் கேக்கலாமாம். சைக்கிளுக்கு என்ன இன்ஷூரன்ஸ்? மானுக்கு என்ன இன்ஷூரன்ஸ்?”

பிளேன்டீயை நான் குடிக்கவில்லை.

இத்தனை நாளும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? தங்கச்சிக்காக என் பெயரை விட்டுக்கொடுத்தேன், என் தலையில் பழியை ஏற்றேன், நான்தான் இழந்தேன் என்று. நல்ல அக்கா. இரவில் அழும்போதுகூட அதில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. விட்டுக்கொடுத்தது என்னுடையதே இல்லை. இந்த மனிசியின்ர கால். அதை எடுத்துத் தங்கச்சிக்குச் சீதனமாய்க் குடுத்திருக்கிறன் நான்.

ஏப்ரல் 27

லோஜினியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். காரை, கண்ணாடியை, சுகிர்தனை. அவள் கல்யாணச் சேலையில் சேப்டிபின்கள் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே பின்னை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

நான் பயந்தது அவள் உடைந்துபோவாள் என்று. என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“எனக்குத் தெரியும் அக்கா.”

“என்ன தெரியும்?”

“அவர் அடுத்த நாளே சொன்னவர். அம்மா போன் பண்ணி உனக்குக் கை முறிஞ்சது எண்டு சொல்லத்தான் அவருக்கு நீ எண்டு விளங்கினது. அழுதவர். மழைக்கோட்டுப் போட்டிருந்தாய், பின்னால பாத்து எப்பிடித் தெரியும்?”

“ஆரெண்டு தெரிஞ்சாத்தான் நிப்பாட்டுறதோ?”

கடைசிப் பின்னையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

“நான் கோட்டுக் கூண்டிலை ஏறி நிண்டனான் லோஜி. தெரிஞ்சுகொண்டா பாத்துக்கொண்டிருந்தனி?”

“நீயா விரும்பித்தானே சொன்னனி? ஆரும் உன்ர கழுத்தைப் பிடிச்சவையே? முடிஞ்ச விஷயம் அக்கா. இன்னும் ஒரு மாதம். இதைக் கிளறாதை. காலைப் பிடிச்சுக் கேக்கிறன்.”

காலைப் பிடிக்கவில்லை. சேலையைத்தான் மடித்தாள். மடிப்புக் கலையாமல்.

அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்தது நன்றிக்கு.

ஏப்ரல் 29

ஷிஃபானாவின் லோயரைப் போய்க் கண்டேன், ஷிஃபானாவோடு. உள்ளதைச் சொன்னேன். ஷிஃபானா என் பக்கம் திரும்பவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. லோயர் கண்ணாடி உறைத் துண்டை ஒரு கடுதாசி உறைக்குள் போட்டு ஒட்டினார். வாக்குமூலத்தை இரண்டு தரம் மாற்றியதற்கு எனக்கும் சிக்கல் வரலாம், கந்தோரிலும் கேட்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

“யோசிச்சுத்தான் போன முறை மாத்தினனான், சேர். இந்த முறை யோசிக்கேல்லை.”

பெரிய பொலிஸ் அதிகாரியிடம் முறைப்பாடு கொடுத்தாயிற்று.

மே 3

காரைக் கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறார்கள். லிங்கநகர்க் கராஜ் ஒன்றில் பெப்ரவரி 20ஆம் திகதி கண்ணாடி மாற்றியிருக்கிறது. பழைய உறை அந்தக் கராஜின் குப்பையிலேயே கிடந்ததாம். துண்டு பொருந்திவிட்டது.

அம்மா என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறா. கதை இல்லை. இன்று காலையில் மட்டும் ஒன்று சொன்னா: “அந்தச் சனம் உனக்கு என்ன உறவு?”

உறவுதான் அம்மா. நான் இடித்த ஆள்.

மே 9

சிவகுருநாதன் ஐயா வந்தார். உள்ளே வரவில்லை, கேற்றுக்கு வெளியே நின்றபடியே கதைத்தார். கல்யாணத்தை நிறுத்துவார் என்றுதானே அம்மா பயந்தா? நிறுத்தவில்லை. மகனும் லோஜினியும் பிடிவாதமாக நின்றார்களாம்.

“கலியாணம் நடக்கும். மண்டபம் வேண்டாம், வெருகல் கோயிலிலை வைச்சுத் தாலியைக் கட்டுவம். மூத்தவ வரக்கூடாது. அவ்வளவுதான்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல், “ஓம்” என்றா.

இவ்வளவுதானா? இந்த ஒரு பயத்துக்காகத்தானா மார்ச் மாதம் அவ்வளவும்? அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இந்தக் கல்யாணம் நடந்திருக்கும். அம்மாவும் நானும் மாமாவும் ஒரு மானும் சேர்ந்து ஒன்றுமில்லாததைக் காப்பாற்றியிருக்கிறோம்.

மே 30, வெள்ளி

கந்தோர் போனேன். லீவு முன்னமே போட்டிருந்தேன், வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து மேசை அசனா, “ஏன் மிஸ், இண்டைக்குத்தானே தங்கச்சிட கல்யாணம்?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைக் கண்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினா.

போனில் ஒரு படம் வந்தது, யாரோ ஒரு சொந்தம் அனுப்பியது. லோஜினி வடிவாக இருந்தாள். அந்தச் சேலைதான். சுகிர்தன் கமராவைப் பார்க்கவில்லை.

யூன் 15

அம்மா லிங்கநகருக்கு, லோஜினியிடம் போய்விட்டா. “கொஞ்ச நாள்” என்றா. சாமிப் படத்தையும் கொண்டுபோனா.

யூலை 22

திரும்பச் சைக்கிள். காலை முழுக்கப் பயந்து பயந்து மிதித்தேன். இன்னும் அதே குழாய்கள் அதே இடத்தில். யாரும் எதையும் எடுக்கவில்லை. ஓட்டோ ஒன்று, “அக்கா, ஓரம்! ஓரம்!” என்று கத்திக்கொண்டு போனது. ஓரத்தில் ஒரு தாய் குழந்தையோடு நடந்துகொண்டிருந்தா. நான் மணியடிக்கவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். கந்தோருக்குப் பிந்திவிட்டது. ஒரு நாளைக்குச் செய்யலாம். ஒவ்வொரு நாளும் செய்ய எனக்குப் பொறுமை இருக்குமா? தெரியாது.

ஓகஸ்ட் 5

கந்தோரில் விளக்கம் கேட்டுக் கடிதம். எதிர்பார்த்ததுதான். பதவி உயர்வு இந்த வருடம் இல்லை. அதிகாரி, “நல்ல வேலைக்காரி நீங்கள், ஏன் இதுக்குள்ள போய் விழுந்தனீங்கள்?” என்றார். விழுந்தேன் என்பது சரியான சொல்தான் சேர்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

சாட்சி சொன்னேன்.

சுகிர்தனின் லோயர் கெட்டிக்காரர். நிதானமாகத்தான் கேட்டார். “பெப்ரவரியில் கார் என்றீர்கள். மார்ச்சில் மான் என்றீர்கள். இப்போது மறுபடியும் கார். இதில் எதை இந்த நீதிமன்றம் நம்ப வேண்டும்?”

“காரை.”

“அப்படியென்றால் மார்ச்சில் பொலிசுக்குப் பொய் சொன்னீர்கள்?”

“ஓம்.”

“ஏன்?”

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. அம்மா மூன்றாவது வாங்கில் இருந்தா, லோஜினிக்குப் பக்கத்தில். பெயர் சொல்லலாம். அம்மா சொன்னா, மாமா சொன்னார், தங்கச்சிக்குத் தெரியும் என்று வரிசையாக இழுத்துவிடலாம். வாய்வரை வந்தது.

“அந்த அம்மா நடந்து வந்த ஆள். அவவுக்காகக் கேக்க ஆருமில்லை எண்டு நினைச்சிட்டன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் நிமிர்ந்தபோது அம்மா எழும்பி வெளியே போய்க்கொண்டிருந்தா.

மதியத்துக்குப் பிறகு சுகிர்தன் தானே எழும்பி நின்று, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றான். அவனுடைய லோயரே திரும்பிப் பார்த்தார். லோஜினி அழுதாள். என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் மாறவில்லை, இன்னும் மோசம். அவன் நிறுத்தாமல் போனதை அவள் மன்னித்துவிட்டாள். நான் அவனைப் பிடித்து நிறுத்தியதை மன்னிக்க மாட்டாள். அவனுக்கு லைசன்ஸ் இடைநிறுத்தம், தண்டம். மைமூனாம்மாவின் பக்கம் இனி காப்புறுதிக் கம்பனியோடு கதைக்கலாம் என்று ஷிஃபானாவின் லோயர் சொன்னார். எவ்வளவு காலம் போகும் என்று அவருக்கும் தெரியவில்லை. கொழும்பு ஒப்பரேஷனுக்கு மட்டும் நாள் கிடைத்திருக்கிறது.

வெளியே வந்தோம். ஷிஃபானா ஓட்டோ பிடிக்கச் சந்திக்குப் போனா. போகும்போது என்னிடம், “உம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க” என்றா. இத்தனை மாதத்தில் அவ என்னை ஒன்று செய்யச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மைமூனாம்மாவுக்கு நிற்க முடியவில்லை, மெதுவாக நடப்பம் என்றா. நடைபாதை முழுக்க மோட்டர் சைக்கிள். வோக்கரைத் தூக்கி வீதியில் வைத்தா. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவவின் வலதுபக்கம் வந்தேன், வாகனம் வருகிற பக்கம். அவ, சைக்கிள், நான். அந்த அகலத்தில் ஒரு அடி, பிறகு ஒரு அடி.

பின்னால் ஹோன் தொடங்கியது. ஒன்று, பிறகு நாலைந்து.

“அடிக்கட்டும்” என்றா மைமூனாம்மா. நின்று மூச்சு வாங்கினா. “நீ செஞ்சதை நான் மறக்கல்ல புள்ள. அதையும் சொல்லிட்டன். இப்ப ஹான்டிலை நேராப் பிடி, என்ட காலுல முட்டுது.”

நேராகப் பிடித்தேன்.

நீதிமன்ற வாசலிலிருந்து வெளிக்கிட்ட கார்கள் எல்லாம் அந்த வழியால்தான் வர வேண்டும். எங்களுக்குப் பின்னால் யார் யார் நின்றார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சந்திவரை எல்லாரும் எங்கள் நடைக்குத்தான் வந்தார்கள்.